எட்டு டம்ளர் ஒரு டம்ளர் ஆகும்வரை

"கஷாயம் காய்ச்சற வேலையெல்லாம் எனக்கு ஆகாது. அந்த வாடையே தலையைச் சுத்துது. உன் புருஷனைக் காய்ச்சச் சொல்லு."

மாமியார் இப்படிக் கை கழுவியதும் மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பாவம், அவளே பாதி உயிராக இருந்தாள். கர்ப்பப்பையில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி. மாதத்தில் பத்து நாள் உதிரப்போக்கு. தையல் கம்பெனியில் மெஷினை விட்டு எழுந்தால் கால் தள்ளாடும்.

சாதாரணக் கட்டிதான், மூன்று மாதம் பார்ப்போம், பெரிதானால் ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கத்தி என்றாலே அவளுக்குக் குலை நடுக்கம். அந்த மூன்று மாதத்தை நம்பித்தான் ஆயுர்வேத டாக்டரம்மாவிடம் போனாள். இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதே, ஸ்கேனையும் தவறவிடாதே என்று சொல்லித்தான் அவரும் மருந்து கொடுத்தார். துணைக்குப் போனது இதே மாமியார்தான்.

பொட்டலத்தைப் பிரித்து எட்டு டம்ளர் தண்ணீரில் போட்டு, சிறு தீயில் ஒரு டம்ளராக வற்ற வைக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் அடுப்பை விட்டு நகர முடியாது.

மாமியாரோ அந்த நேரத்தில் போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள். விஷயம் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரி, "என்ன மனுஷியோ" என்று முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள்.

ஆக, பஸ் டிரைவரான புருஷன்தான் விடியற்காலையில் எழுந்து அடுப்பு முன்னால் நின்றான். வெந்நீர்கூட வைக்கத் தெரியாத மகராசன். முதல் நாள் சட்டியைத் தீய விட்டான். மறுநாளிலிருந்து அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பதம் சொன்னாள்.

எத்தனை நாள்தான் வாய் மூடி நிற்பது? ஒரு நாள், "வலி எங்க வருது?" என்று கேட்டான்.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவன் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அப்புறம் தண்ணீர் தூக்குவதும் துணி அலசுவதும் சொல்லாமலே அவன் பக்கம் வந்துவிட்டன.

மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி வளரவில்லை, கொஞ்சம் சுருங்கியே இருந்தது. உதிரப்போக்கும் மட்டுப்பட்டிருந்தது. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள்.

அவள் நேரே டாக்டரம்மாவிடம் ஓடி ரிப்போர்ட்டைக் காட்டினாள். சந்தோஷத்தோடு சந்தோஷமாக மாமியார் மேலிருந்த ஆற்றாமையையும் கொட்டித் தீர்த்தாள்.

டாக்டரம்மா சிரித்தார். "காய்ச்சின கஷாயம் பாட்டில்லயே கிடைக்கும்மா. தண்ணி கலந்து குடிச்சா வேலை முடிஞ்சுது. முதல்ல உனக்கு எழுதினதும் அதைத்தான்."

"பின்ன ஏன் பொட்டலம் குடுத்தீங்க?"

"நீ வாசல்ல செருப்பு மாட்டிட்டு இருந்தப்ப உன் மாமியார் திரும்ப உள்ள வந்து மாத்தச் சொன்னாங்க. 'எனக்கும் இதே கட்டிதான் டாக்டர். கர்ப்பப்பையை எடுத்த அன்னிக்குத்தான் எனக்கு நோவுன்னே என் வீட்டுக்காரருக்குத் தெரியும். என் பையனாவது தினம் ஒன்றரை மணி நேரம் பொண்டாட்டி பக்கத்துல நிக்கட்டும்'னாங்க."