இட்லிக் கடையில் தமிழ் பேசாதவள்

பெங்களூருக்கு வந்த மூன்றாம் நாளே கிருத்திகாவுக்கு ஒரு எதிரி கிடைத்துவிட்டாள்.

லிங்கராஜபுரம் பஸ் ஸ்டாப்பை ஒட்டிய இட்லிக் கடை. கல்லாவில் கேத்தரின், அடுப்படியில் அவள் வீட்டுக்காரர் ஆம்ப்ரோஸ். வரிசையில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்த கிருத்திகா, தன் முறை வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, ரெண்டு இட்லி, ஒரு வடை."

"நனகே தமிழு பரல்லா. கன்னடதல்லி ஹேளி."

தமிழ் வராதாம். கன்னடத்தில் சொல்ல வேண்டுமாம். கிருத்திகா விரலைக் காட்டினாள், சைகை செய்தாள். கேத்தரின் அசையவில்லை. அடுத்த ஆளுக்குத் தட்டை நீட்டிவிட்டாள்.

வெறும் வயிற்றோடு கிருத்திகா வாசலைத் தாண்டக்கூட இல்லை, பின்னால் கேட்டது கேத்தரினின் குரல்.

"யோவ், சாம்பார் பொங்குது பாரு! கண்ண எங்க வச்சிகினு இருக்கற?"

கிருத்திகா சட்டென்று திரும்பினாள். கேத்தரின் கூரையைப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் கணவன் பரத்திடம் பொரிந்து தள்ளினாள். "தமிழச்சிங்க அவ! கூச்சமே இல்லாம தமிழ் தெரியாதுங்கா! என்ன ஏத்தம் பாருங்க!"

"வேற கடைக்குப் போயேன்."

"அந்தச் சட்னி வாசம் வேற எந்தக் கடையில வருது?"

கோவில்பட்டிக்குப் போன் போட்டு அம்மாவிடமும் சொல்லியாயிற்று. "தாய் பாஷைய மறைக்கிற ஜென்மம்மா அது!"

அவளுக்கு வேறு கவலையும் இருந்தது. பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. முந்தின நாள் சேர்ந்தபோதே மேட்ரன் கறாராகச் சொல்லிவிட்டார். "வலியில கத்துற பொண்ணு என்ன சொல்றான்னு உனக்குப் புரியணும். ஆறு மாசம் டைம். கன்னடம் வரலைன்னா வேலை நிரந்தரம் ஆகாது."

ஆனால் ஆஸ்பத்திரியில் அவள் திணறினால் போதும், எல்லோரும் பாவப்பட்டுத் தமிழுக்கோ இங்கிலீஷுக்கோ தாவிவிடுவார்கள். பாவமே படாத ஒரே ஆள் கேத்தரின்தான்.

மறுநாள் ஆஸ்பத்திரி ஆயாவிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு போனாள். "எரடு இட்லி, ஒந்து வடே கொடி!"

தட்டு வந்தது. வடை ஆறிப்போயிருந்தது. அதைச் சொல்லக் கன்னடம் இல்லை. அதற்கு அடுத்த நாள் அதையும் கேட்டுக்கொண்டு வந்தாள். "வடே தண்ணகே இதே!"

கேத்தரின் அதற்கு மூன்று வரியில் ஏதோ பதில் சொன்னாள். ஒன்றும் புரியவில்லை. விடுவாளா கிருத்திகா? அந்த மூன்று வரிக்கு அர்த்தம் கேட்டு, ஆறு வரியில் பதில் தயார் செய்து கொண்டுவந்தாள்.

சண்டை சூடு பிடித்தது. கடைக்கு வருகிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆட்டோ ஓட்டும் சந்திரன் வடைக்குப் பரிந்து பேசுவார். டீச்சர் குளோரியா சட்னிக்குத் தீர்ப்பு சொல்வாள். எல்லாம் கன்னடத்தில்தான். அந்தக் கடையில் தமிழ் மூச்சே கிடையாது.

நாலாவது மாதம் ஒரு நாள், ஐந்து நிமிடம் மூச்சு விடாமல் வாதாடி, கேத்தரினிடமிருந்து ஒரு வடையை இலவசமாகவே பிடுங்கிவிட்டாள் கிருத்திகா. பஸ்ஸில் ஏறியும் சிரிப்பு அடங்கவில்லை. "யாக்கே நகுத்தீரா?" என்று கண்டக்டர் சிரிப்புக்குக் காரணம் கேட்க, வடைக் கதை முழுவதையும் அவருக்குக் கன்னடத்திலேயே சொன்னாள். இறங்கும்போது அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆறாவது மாதம். பிரசவ அறையில் ஒரு சின்னப் பெண் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அலறினாள். கிருத்திகா அவள் நெற்றியைத் தடவி, "இன்னு ஸ்வல்பா அம்மா, மகு பர்த்தா இதே" என்றாள். இன்னும் கொஞ்சம்தான், குழந்தை வருகிறது. அந்தப் பெண் அவள் கையை இறுக்கிப் பிடித்து என்னென்னவோ கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் கிருத்திகா பதில் சொன்னாள். குழந்தை வீலென்று அழுதபோதுதான் கதவருகே மேட்ரன் நிற்பதைக் கவனித்தாள்.

மறுநாளே வேலை நிரந்தர உத்தரவு கையில்!

டியூட்டி முடிந்ததும் நேரே இட்லிக் கடைக்கு ஓடினாள். இன்றைக்குக் கேத்தரினுக்கு எதிரில் நின்று நாலு கேள்வி கேட்காவிட்டால் தூக்கம் வராது. உத்தரவைக் கேத்தரின் முகத்துக்கு நேரே ஆட்டியபடி, மூச்சு வாங்க, கன்னடத்தில் கொட்டித் தீர்த்தாள். வேலை நிரந்தரமாகிவிட்டது, இது என் ஊர், நான் எங்கேயும் போகப் போவதில்லை, நீங்கள் தமிழ் பேசினால் என்ன, பேசாவிட்டால் என்ன?

கேத்தரின் காகிதத்தை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தாள். கண் கலங்கிவிட்டது.

"நிஜமாவே பர்மனென்டா சிஸ்டர்?"

தமிழ்!

கிருத்திகா கல்லாவில் கை ஊன்றிக்கொண்டாள். "இப்ப மட்டும் எப்படிக்கா தமிழ் வருது?"

"மொத நாளு இதே வரிசையில நின்னுகினு போன்ல அழுதியே, கன்னடம் வரலன்னா வேலை போயிடும்னு. காதுல விழுந்துச்சு. நானும் தமிழ்ல பேசிட்டா நீ எங்கதான் கத்துப்ப? அன்னிக்கு நீ பட்டினியா போனதும் எனக்கும் சோறு எறங்கல."

கிருத்திகா கல்லாவைச் சுற்றி ஓடிப் போய் அவளைக் கட்டிக்கொண்டாள். கேத்தரின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்கப்பா! சிஸ்டர் பாஸு! இனிமே தமிழ்லயே பேசலாம்!"

கடையே கை தட்டியது. "அப்பாடா!" என்று நெஞ்சில் கை வைத்தார் சந்திரன். "ஆறு மாசமா நீ உள்ள வந்தாலே, தும்மலக்கூட கன்னடத்துல தும்மிகினு இருந்தோம் சிஸ்டர்!"