ராணி ஓட இடம் வேணும்

"இந்தப் பக்கம் பீச் மாதிரி இடம் எங்கங்க இருக்கு?"

டீக்கடை சகாதேவன் ஆற்றிக்கொண்டிருந்த டீ பாதியில் நின்றது. கேட்டவர் திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகிற பஸ்ஸில் வந்து இறங்கியவர். பேன்ட், கறுப்பு ஷூ. கையில் நீளமாக ஒரு சங்கிலி, அதன் முனையில் ஒரு செவலை நாய்.

"பீச்சா? நேரா கிழக்கால போங்க. அறுபது மைல் போனா பாண்டிச்சேரி வரும்."

"அவ்ளோ தூரம் வேணாங்க. பரந்த மணலா, வேலி கீலி இல்லாம இருந்தா போதும். இது சங்கிலி இல்லாம ஓடணும். ராணி, உக்காரு."

"நீங்க எந்த ஆபீஸுங்க?"

"ஞாயித்துக்கிழமை ஏதுங்க ஆபீஸ்?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த சக்கரபாணி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். பக்கத்தில் வற்றிக் கிடந்த சித்தேரிக்குள் நாலு ஏக்கரை முள்வேலி போட்டு வளைத்து, வேர்க்கடலை வைத்திருந்தவர் அவர்தான். வளைத்ததில் ஏரியின் ஒரே ஊத்தும் வேலிக்குள் போயிருந்தது.

வந்தவர் ஏரிக்குள் இறங்கியதும் சக்கரபாணி கிசுகிசுத்தார். "நாய்க்கு மணல் தேடி எவனாவது பஸ் ஏறுவானா சகாதேவா? சங்கிலியப் பாத்தியா? நாலு நாயைக் கட்டலாம். அந்தச் சங்கிலியப் போட்டு ஏரியை அளக்க வந்த சர்வேயர்டா அவன்."

"ஷூவைப் பாத்தப்பவே நினைச்சேன்" என்றார் சகாதேவன்.

சக்கரபாணி பின்னாலேயே ஓடினார். வேலிக்கு வெளியே பச்சையம்மாள் வெள்ளரிப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பத்து சென்ட்கூட வராத பாத்தி.

"சார், ஏரியை வளைச்சிப் பயிர் வெச்சது இந்தப் பொம்பளைதான். எழுதிக்குங்க."

"நான் நாயோட வந்தவங்க. எழுத என்ன இருக்கு?" அவர் கொடிகளைப் பார்த்தார். "ஏம்மா, பிஞ்சு விடற நேரத்துல இப்பிடி வாடிக் கிடக்குதே?"

"ஊத்து வேலிக்கு உள்ள இருக்குது சாமி. கால் மைல் நடந்து கொடத்துல கொண்டாறேன். இந்த வெள்ளரிய வித்துத்தான் பொண்ணப் பிரசவத்துக்கு இட்டாரணும். எழுதறதா இருந்தா ஒரு மாசம் பொறுத்து எழுதுங்க."

அவர் குனிந்து நாயின் சங்கிலியை அவிழ்த்தார்.

ராணி ஓடியது. ஓடின வேகத்தில் அதன் நிழல் பத்தடி பின்தங்கி வந்ததாகச் சகாதேவன் இன்றைக்கும் சத்தியம் செய்வார். ஓடிய நாய் முள்வேலியில் போய் முட்டி நின்று முனகியது.

வந்தவர் வேலியோரமாகவே நடந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. "நூத்திப் பத்து... நூத்திப் பதினொண்ணு..."

"என்ன சார் எண்றீங்க?" சக்கரபாணிக்கு வேர்த்தது.

"ராணி ஓட எவ்ளோ இடம் கம்மியா இருக்குதுன்னு பாக்கறேன். அடுத்த ஞாயித்துக்கிழமையும் வர்றோம்."

அடுத்த ஞாயிறு வேலியில் ஒரு பக்கம் காணோம்.

"நாய் ஓட வழி விட்டிருக்கேன் சார்."

"ரொம்ப சந்தோசங்க. ஓடிட்டு வளைஞ்சி திரும்பத்தான் இடம் பத்தல."

மூன்றாவது ஞாயிறு வேலியே இல்லை. முத்தாத கடலையைக்கூடப் பிடுங்கிவிட்டிருந்தார் சக்கரபாணி. ராணி ஏரி முழுக்க ஓடி, ஊத்தில் தண்ணீர் குடித்தது. அதன் பின்னாலேயே பச்சையம்மாளும் போய்க் குடத்தை முக்கினாள். யாரும் தடுக்கவில்லை. நாய் வெள்ளரிப் பாத்திப் பக்கம் திரும்பியபோது மட்டும் நாய்க்காரர் விசில் அடித்து அழைத்துக்கொண்டார்.

அதோடு சரி. அதற்குப் பிறகு ஆளும் வரவில்லை, நாயும் வரவில்லை.

சித்திரையில் பச்சையம்மாள் வெள்ளரிக் கூடையோடு திருவண்ணாமலை தேரடிக்குப் போனாள். அங்கே பூக்காரி கன்னியம்மாளின் கடை நிழலில், சங்கிலி எதுவும் இல்லாமல் ராணி படுத்திருந்தது.

"யக்கா, இது அந்தப் பேன்ட்டுக்காரர் நாயாச்சே?"

"யாரு நாயும் இல்ல. இந்தத் தேரடியிலேயே பொறந்து பொறுக்கித் தின்றது. ஞாயித்துக்கிழமைல மட்டும் நம்ம சர்வேயர் வந்து சங்கிலி போட்டு எங்கியோ இட்டுனு போவாரு."

பச்சையம்மாள் கூடையை இறக்கிவிட்டாள். "சர்வேயரா? அப்போ நெஜமாவே அளக்கத்தான் வந்தாரா?"

"அளந்து இன்னா பண்றது? 'பேப்பர்ல எழுதினா பெரிய வேலியும் போவும், ஏழையோட பாத்தியும் போவும். நாய்க்குத்தான் வேலி எது, பாத்தி எதுன்னு தெரியும்'னுவாரு. கிறுக்கு மனுசன்."

பச்சையம்மாள் நல்ல பிஞ்சாகப் பார்த்து ஒன்றை ஒடித்து ராணியின் முன்னால் வைத்தாள்.

சாயங்காலம் ஊர் திரும்பினால், டீக்கடை வாசலில் சக்கரபாணி. பக்கத்தில் புதிதாக வெட்டிய முள் ஒரு வண்டி.

"ஏ பச்சையம்மா, டவுன்ல அந்த ஆளு யாருன்னு விசாரிச்சியா? ரெண்டு வாரமாக் காணோம். வெறும் நாய்க்காரன்தான்னா நாளைக்கே வேலியக் கட்டிடுவேன்."

பச்சையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆளப் பாக்கலீங்க. நாயத்தான் பாத்தேன். வயித்துல ஆறு குட்டியாம். எல்லாம் ஓட, நீங்க விட்ட இடம் பத்துமான்னு கேட்டனுப்புனாங்க."