நீல நிற அரையணா

முப்பத்தெட்டு வருடங்களாகத் தபால்தலை சேர்த்துவந்த கோமதிநாயகத்துக்கு, எல்லாத் தலைகளையும் பட்டியலிடும் கேட்டலாக் புத்தகத்தில் இல்லாத ஒன்றுகூட இதுவரை கிடைத்ததில்லை. சேர்க்க ஆரம்பித்து ஆறே மாதமான எப்சிபாவுக்குக் கிடைத்துவிட்டது. தையல்கடை வைத்திருக்கும் அவள் தபால்தலைச் சங்கக் கூட்டத்துக்கு வந்து அதை அவர் உள்ளங்கையில் வைத்தாள். ஏதோ ஒரு சின்ன சமஸ்தானத்தின் அரையணாத் தலை. கேட்டலாகில் சிவப்பு மட்டும்தான் உண்டு. இது நீலம். லென்ஸ் வைத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். காகிதம், மை, வாட்டர்மார்க் எல்லாமே சரியாக இருந்தன. அவருக்கு வயிறு எரிந்தது.

"எங்க கெடச்சுது?"

"பழைய ட்ரங்குப் பெட்டி ஒண்ணு வாங்குனேன் சார். அதுக்குள்ள இருந்துச்சு. நல்லதா?"

"போலிம்மா. பத்து பைசா பெறாது."

அவள் முகம் வாடியது. "அப்ப நீங்களே வச்சுக்கிடுங்க சார்."

ஒரு வாரம் அதை எடுத்து எடுத்துப் பார்த்தார். உண்மையைச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவது என்ற முடிவோடுதான் அடுத்த கூட்டத்துக்குப் போனார். அவர் வாயைத் திறப்பதற்குள் எப்சிபா பேசினாள்.

"சார், பெட்டியில இதே மாதிரி ஒரு ஷீட் முழுக்க இருந்துச்சு. யாரும் ஏமாந்துறக் கூடாதேன்னு அன்னிக்கே அடுப்புல போட்டுட்டேன்."

கோமதிநாயகத்தின் கை சட்டைப்பைக்குப் போனது. அப்படியானால் உலகத்தில் இருப்பது அவர் சட்டைப்பையில் உள்ள ஒன்றுதான். துக்கம் வரும் என்று காத்திருந்தார். உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது.

"நல்லாப் பாத்தியாம்மா?" என்று கேட்டார். "ஒண்ணுகூட மிச்சமில்லைல்லா?"