பழகிய மூச்சு

ஆறுமுகநயினாரை உயிரோடு நான் கடைசியாகப் பார்த்தது ஒரகடம் கூட்டு ரோட்டில், 2011 ஆடியில். தாம்பரம் பஸ்ஸுக்காகத் துணிப்பையோடு நின்றிருந்தார். கை தூக்கினார். நான் பைக்கை நிறுத்தவில்லை.

அவர் வேலை போனதில் என் வார்த்தைக்கும் பங்கு இருந்தது.

இரும்பு வார்ப்புகளைத் தேய்த்துப் பிசிறு எடுப்பது எங்கள் வேலை. நாள் முழுக்க மாஸ்க். அதில் மாட்ட, திங்கள்தோறும் ஆளுக்கொரு புது தூசி பில்டர். உள்பக்கம் அவரவர் டோக்கன் நம்பரை எழுதித்தான் ஸ்டோரில் கொடுப்பார்கள்.

என் மனைவி இறந்த மூன்றாம் மாதம் அங்கே சேர்ந்தேன். முதல் வாரம் வியாழக்கிழமையே தாங்கவில்லை. பக்கத்தில் நின்று தேய்த்த ஆறுமுகநயினாரிடம் சொன்னேன்.

"மூச்சு முட்டுது அண்ணே. நின்னுடலாம்னு பாக்குறேன்."

"வீட்டுல ஒத்தையில இருந்து என்னவே செய்யப் போறீரு? பழகிரும். மாஸ்க்கைக் குடும், துடைச்சுத் தாரேன்."

துடைத்துக் கொடுத்தார். பழகிவிட்டது. அதன்பிறகு வியாழன்தோறும் டீ நேரத்தில் என் மாஸ்க்கையும் தன் பையோடு ஓரமாக எடுத்துப்போய் அவரே துடைத்து வருவார்.

பழகாதது அவருக்குத்தான். மணிக்கொரு தரம் மாஸ்க்கை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

"இன்னா அண்ணே, மாமியார் வூட்டு விருந்தா?" என்று லைனே சிரிக்கும்.

ஒருநாள் சூப்பர்வைசர் ரகுநந்தன் எங்கள் இருவரையும் முதலுதவி அறைக்குக் கூட்டிப்போனார். நர்ஸ் ஆறுமுகநயினார் விரலில் கிளிப் மாட்டினார். 98.

"ஆக்சிஜன் நல்லாத்தானே இருக்கு?"

"காத்து வருது சார். இழுக்கத்தான் பெரும்பாடா இருக்கு. அந்தப் பாடு என் மண்டைக்குத் தெரியும். மிஷினுக்கு எப்படித் தெரியும்?"

ரகுநந்தன் என் பக்கம் திரும்பினார். "உனக்கும் அதே மாஸ்க்தான். முட்டுதா?"

"மொதல்ல முட்டுச்சு சார். எல்லாம் மனசுதான். மூளைக்குப் பழகிட்டா ஒண்ணும் இல்ல."

ஆறுமுகநயினார் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, சிரித்துக்கொண்டார்.

திங்கட்கிழமைகளில் புது பில்டரை அவர் பிரிக்காமல் பையில் போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். வெளியே விற்கிறார் என்று நினைத்தேன். அதைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த மட்டுக்கும் என்னை நல்லவன் என்று எண்ணிக்கொண்டேன்.

அந்த மாதத்தோடு அவரை நிறுத்திவிட்டார்கள்.

அவர் போன பிறகு வந்த வியாழக்கிழமை எனக்கு மூச்சு முட்டியது. மாஸ்க்கை நானே துடைத்தேன். முட்டியது. அடுத்த வியாழனும் அப்படியே. எப்படித் துடைப்பார் என்று கேட்க, மூன்றாவது வாரம் போன் செய்தேன்.

அவர் மகள் மாரிசெல்வி எடுத்தாள்.

"அப்பா தவறி பத்து நாள் ஆச்சு. நெஞ்சுவலி. அங்கன அவுக சாமான் ஏதும் கெடந்தா அனுப்பி வைங்க."

லாக்கரில் அவர் மாஸ்க் மட்டும் இருந்தது. பில்டரைக் கழற்றினேன். தூசி அடைத்துக் கல்லாகியிருந்தது.

உள்பக்கம் எழுதியிருந்தது அவர் நம்பர் இல்லை. 417. என் நம்பர்.