ஆவணியில் பூட்டிய கிளை

இருளப்பசாமி உள்ளே வந்ததும் முதல் வேலையாக என் அறைக் கதவைச் சாத்தினார்.

"எவனைக் கேட்டு அந்தக் கிளையப் பூட்டுனீக?"

மரியாதையாகப் பேசுங்கள் என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. மேஜைமேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றார். கைகள் நடுங்கின. கோபத்தில் நடுங்குகின்றன என்று நினைத்தேன்.

என் கணவர் வரதராஜ் மனநல மருத்துவர். ராஜபாளையத்தில் கிளினிக், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு கிளை. வைத்தியம் அவர் பாடு. வாடகை, சம்பளம், கரண்ட் பில் எல்லாம் என் தலையில்.

ஊரில் எல்லாக் கடைகளுக்கும் ஆடியில் மந்தம். எங்களுக்கு ஆடியில்தான் உட்கார இடம் இருக்காது. ஆவணி பிறந்து முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டால் ஒருவரும் தலைகாட்ட மாட்டார்கள்.

பெண் கொடுக்கிற வீட்டில், பெண் எடுக்கிற வீட்டில், ஏழு தலைமுறையாக ஒருவருக்கும் தலைவலிகூட வந்ததில்லை. மாத்திரையைப் பாதியில் நிறுத்துவார்கள். கல்யாணமெல்லாம் முடிந்தபின் மொத்தமாகக் கெடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வருஷா வருஷம் இரண்டு இடத்திலும் ஈ ஓட்டியது போதும் என்று இந்த ஆவணியில் ஸ்ரீவில்லிபுத்தூர் கிளையை இரண்டு மாதத்துக்கு மூடினேன். அங்கே வருகிறவர்கள் இங்கே வரட்டும், பக்கத்து ஊர்தானே. எல்லோருக்கும் போனில் தகவல் அனுப்பினேன்.

இரண்டு வாரம் ஆகியும் அந்தக் கிளையிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. இருளப்பசாமிதான் முதல் ஆள். அவருடைய கிளினிக் அட்டையில் இருந்த முகவரியைப் பார்த்தேன். எங்கள் கிளினிக்கிலிருந்து இரண்டாவது தெரு.

"உங்க வீட்டுல இருந்து ரெண்டு நிமிஷ நடை. இதை விட்டுட்டு பஸ் ஏறி அங்க போய்ட்டிருந்தீங்களா? என்ன பைத்தியக்காரத்தனம் இது?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. இந்தக் கட்டிடத்துக்குள் அந்த வார்த்தை வரக்கூடாது என்று வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வதே நான்தான். வெட்கமாக இருந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை.

"ஆமா, பைத்தியந்தான். ஒம்பது நாள்ல மகளுக்குக் கல்யாணம். வெளிய சீட்டு எழுதுற விஜி மாப்பிள்ளைக்குப் பெரியப்பா மக. அவகிட்டப் பேரக் குடுத்துட்டு, பொறவு எந்த மூஞ்சியோட சம்பந்தி வீட்டு வாசல மிதிப்பேன்?"

விஜி மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தாள். அவள் போவதைப் பார்த்துக்கொண்டு எங்கேயோ நின்றுதான் உள்ளே வந்திருக்கிறார். இன்னும் பத்து நிமிஷத்தில் அவள் திரும்பிவிடுவாள்.

அவர் நிறுத்தவில்லை. "ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரவுக இங்க வாராக. இந்த ஊர்க்காரவுக அம்புட்டுப் பேரும் அங்க போறோம். இதுகூடத் தெரியாம நீங்க என்னத்த நடத்துறீக?"

ஆறு வருஷமாக ரிஜிஸ்டரைப் புரட்டியவள் நான். முகவரிகள் எல்லாம் என் கண் முன்னால்தான் கிடந்தன. அதை இவர் வாயால் கேட்டதும் முகம் எரிந்தது. வெளியே போங்கள் என்று சொல்லியிருப்பேன்.

ஆனால் அந்தக் கைகள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன.

மாத்திரை தீர்ந்து பதினோரு நாளாம். ஆறு ராத்திரியாகத் தூக்கம் இல்லையாம். நேற்று பந்தல்காரரை அடிக்கக் கை ஓங்கிவிட்டாராம். மணவறையில் நாலு பேர் முன்னால் என்ன செய்துவைப்பேனோ என்று அவருக்கே பயம். வீட்டில் மனைவிக்குக்கூட எதுவும் தெரியாது. மாதம் ஒருமுறை மடவார் வளாகத்து வைத்தியநாத சுவாமியைக் கும்பிடப் போகிறார் என்றுதான் அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் கணவர் சென்னையில் ஒரு மாநாட்டில் இருந்தார். ஆளைப் பார்க்காமல் போனில் மாத்திரை சொல்லமாட்டார். பெற்ற தாய்க்கே சொல்லமாட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவார், அன்றைக்கு விஜியை லீவில் அனுப்பிவிட்டுப் பின்வாசல் வழியாக உங்களைக் கூப்பிடுகிறேன் என்றேன்.

"ஞாயித்துக்கிழம வரைக்கும் தாங்குவேனான்னு எனக்கே தெரியலம்மா."

இதை மட்டும் மெதுவாகச் சொன்னார். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கவில்லை. அவர் அதைச் சொன்ன விதமும் பிடிக்கவில்லை.

ஒரு தாளை இழுத்து எழுதினேன். தென்காசி. டாக்டரின் பெயர், தெரு. பழைய சீட்டையும் காலி மாத்திரை அட்டையையும் மறக்காமல் கொண்டுபோகச் சொன்னேன். முன்வாசலில் நிற்கவேண்டாம், பக்கத்துச் சந்தில் மாடிப்படி இருக்கிறது. டோக்கன் பத்து மணிக்கு. பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், நம்பர்தான். மருந்துக்கடை கீழேயே இருக்கிறது, தெருவுக்கு வராமலே வாங்கிவிடலாம்.

தாளைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

வரதராஜ் டாக்டருக்குத் தெரிந்த இடமா என்று கேட்டார். இல்லை, இதை அவரிடம் சொல்லவும் கூடாது என்றேன்.

"நாளைக்கே போறேன்."

நாளை புதன்கிழமை. வேண்டாம், வியாழக்கிழமை போங்கள் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. இவருக்கு இன்னொரு ராத்திரி போகும், அவ்வளவுதானே. அவர் கண்களைப் பார்க்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

"போங்க" என்றேன்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை.

மாதத்தில் ஒரு புதன்கிழமை தென்காசியில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்றுதான் என் கணவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கைப்பையைத் திறந்து பார்த்தேன். அட்டையில் இன்று ராத்திரிக்கு மட்டும் ஒரு மாத்திரை இருந்தது.