வீட்டில் யார் யார்?

"வாயத் தொறந்து சொல்லுக்கா, வீட்ல நீ ஒருத்திதான்னு. ஊமை மாதிரி உக்காந்திருந்தா அவங்க எப்படி நம்புவாங்க?"

கார்த்திகேசு பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவின் காதருகே சொன்னான். ஈப்போவில் உதவிப் பணம் வழங்கும் அலுவலகத்துக்கு அவளை மூன்றாவது தடவையாகக் கூட்டி வந்திருக்கிறான். அவனுக்குக் குளோவ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர் வேலை. ஒவ்வொரு தடவையும் லீவு கேட்டு மேனேஜரிடம் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அக்கா முத்தம்மாவோ, யார் வீட்டு விஷயமோ என்பதுபோல் சும்மா இருந்தாள்.

கவுண்டரில் இருந்த சாந்தினி கம்ப்யூட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"இன்னும் ஏத்துக்கல அங்கிள். குடும்ப வருமானம் கூடுதலா காட்டுது."

"எந்தக் குடும்பம்மா? புருஷன் போயிட்டாரு. புள்ள கிடையாது. ஓட்டல்ல தட்டு கழுவிக்கிட்டு இருந்தாங்க, முட்டி போனதும் அந்த வேலையும் போச்சு. அரிசி பருப்புக்கு பக்கத்து வீட்டுக்காரங்க கையப் பாக்குறாங்க. எனக்கும் ரெண்டு பசங்க காலேஜ்ல, முடிஞ்சதக் குடுக்குறேன். இந்த உதவி வந்தாதான் அக்கா மூணு வேள சாப்பிட முடியும்."

"புரியுது. ஆனா அந்த அட்ரஸ் யார் யாரு ஐசில இருக்கோ, எல்லார் சம்பளத்தையும் கம்ப்யூட்டர் ஒரே வீட்டு வருமானமாத்தான் கூட்டும்."

இந்தச் சனியன்தான் முதல் நாளிலிருந்து காலைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சிலிம் ரிவர் பக்கம் அவர்கள் இருந்த ரப்பர் தோட்டத்தை மூடியபோது, ஈப்போ டவுனில் வீடு என்று இருந்தது சிலிபின் பகுதியில் வாழ்க்கைப்பட்ட முத்தம்மாவுக்கு மட்டும்தான். வேலை தேடி வந்தவர்கள், படிக்க வந்தவர்கள் என்று சொந்தபந்தம் மொத்தமும் அவள் வீட்டில் பாய் விரித்தது. ஐசி என்கிற அடையாள அட்டையிலும் அவள் விலாசத்தையே போட்டுக்கொண்டது. பிறகு ஆளுக்கொரு தாமான் குடியிருப்பில் வீடு வாங்கிக்கொண்டு போனார்கள். அட்டையை மாற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. பாவம் அந்த மனுஷி, தனியாகக் கஞ்சி குடிப்பவளின் வீட்டில் அரசாங்கக் கணக்குப்படி ஒரு பட்டாளமே சம்பாதித்துக்கொண்டிருந்தது.

கார்த்திகேசு அந்தச் சொந்தக்காரர்களில் ஒருவரையும் சும்மா விடவில்லை. சிங்கப்பூரிலிருந்த ராஜுவுக்குப் போன் போட்டு, "அத்தை சோத்துல மண்ணள்ளிப் போடாதடா" என்று கத்தினான். தர்மாவை வீடு தேடிப் போய்த் திட்டினான். விமலா கோபித்துக்கொண்டு பேச்சையே நிறுத்திவிட்டாள். ஆனாலும் எல்லாரும் மாற்றிவிட்டார்கள்.

"ஒருத்தர் விடாம மாத்த வச்சிட்டேன்மா. இன்னும் என்ன?"

"ஒருத்தர் பாக்கி இருக்காரு, அங்கிள்."

"யாரு அவன்?"

"பேரு சொல்ல எனக்கு பெர்மிஷன் இல்ல. நல்ல சம்பளம். அவ்வளவுதான் சொல்லலாம்."

கார்த்திகேசுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அக்கா பக்கம் திரும்பினான்.

"யாருக்கா அது? உனக்குத் தெரியும்ல?"

முத்தம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"விடு தம்பி. வா, போலாம். நான் எப்படியாச்சும் பாத்துக்குறேன்."

"என்னத்தப் பாத்துக்குவ? இப்படி எல்லாருக்கும் பாவம் பாத்துத்தான் நீ இங்க வந்து நிக்கிற. உன் கையால சாப்பிட்டுட்டு உன் வயித்துலயே அடிக்கிறான் ஒருத்தன், அவனப் போயி காப்பாத்துறியே. நல்ல சம்பளமாம்லா. வெக்கங்கெட்ட ஜென்மம். பேரு மட்டும் தெரியட்டும், நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்குறேன்."

பக்கத்துக் கவுண்டரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முத்தம்மா அவன் கையைப் பிடித்து இழுத்தாள், அவன் உதறினான்.

"கத்தாதீங்க அங்கிள்," என்றாள் சாந்தினி. "ஆண்டி தனியாத்தான் இருக்காங்கன்னு சொல்லி அப்பீல் போடலாம். சாட்சிக்கு ஒருத்தர் வேணும். உங்க ஐசி குடுங்க."

"தாராளமா. எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுறேன்."

அட்டையை எடுத்து நீட்டினான். சாந்தினி எண்ணைத் தட்டத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். அவனைப் பார்த்தாள். முத்தம்மாவைப் பார்த்தாள். பிறகு அட்டையை அவன் பக்கமாகத் திருப்பி வைத்து, விலாசத்தின் மேல் விரலை வைத்தாள்.

சிலிபின். அக்காவின் வீட்டு எண்.

கார்த்திகேசு அட்டையை எடுத்து மறுபடி படித்தான். தலையை நிமிர்த்தவே வெட்கமாக இருந்தது.

"அக்கா... உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"உனக்கு வர்ற கவர்மெண்டு கடுதாசியெல்லாம் இன்னும் நம்ம வீட்டுக்குத்தான வருது," என்றாள் முத்தம்மா. "மத்தவங்கள நீ போகச் சொன்ன, நானும் சரின்னு விட்டுட்டேன். கூடப் பொறந்தவன, நான் எப்படிடா வீட்ட விட்டுப் போன்னு சொல்லுவேன்?"