காலி இடம் பார்த்து இறங்கும்

வல்லம் வடகால் வயலோரம் போட்ட பந்தலில், கழுத்துப்பட்டை கட்டியவர்கள் மடிக்கணினியை மொய்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆளில்லா விமானம் தன் வழியைத் தானே போட்டுக்கொள்ளும், காலி இடமாகப் பார்த்துத் தானே இறங்கும், ரிமோட் வைத்திருப்பவர் கொட்டாவி விட்டால் போதும் என்று விமானக் கம்பெனி மேலாளர் மைக்கில் முழங்குகிறார். வரப்பில் நிற்கும் ராஜம்மாவின் கண் வானத்தில் இல்லை. தொழிற்பேட்டைக்குக் கேட்கிற அவளுடைய முக்கால் ஏக்கரில் கதிர் முற்றி, வெயிலில் மஞ்சளாகத் தலை சாய்ந்திருக்கிறது. விமானம் ரீங்கரித்தபடி இரண்டு சுற்றுச் சுற்றி, நன்றாக யோசித்து, அந்த நெல்லுக்குள்ளேயே இறங்கிப் புரள்கிறது. பந்தலில் ஒரே கைதட்டல்.

“ஐயோ, இன்னா சார் இது! எம் பயிரு சார்!” ராஜம்மா வயலுக்குள் ஓடுகிறாள்.

மேலாளர் திரையைக் காட்டிச் சிரிக்கிறார். “மேப்புல தரிசுன்னு இருக்கும்மா. மிஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது.”

“அப்ப நான் நட்டது இன்னா, கோரப்புல்லா? தரிசுன்னு சொல்லித்தான புடுங்கிக்கப் பாக்குறீங்க!”

“அம்மா, கொஞ்சம் ஒதுங்கிக்கோ,” என்கிறார் புகைப்படக்காரர். “காலி இடத்துல ஆளு நின்னா படம் கெட்டுப்பூடும்.”

இடுப்பளவு நெல்லில் ராஜம்மா அசையாமல் நிற்கிறாள். அவர் கேமராவைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பிக்கொள்கிறார்.